வீட்டருகே ஒரு பட்டறை: அளவும் அமைப்பும்



இரப்பர்க் கன்று நடுவதற்கு முன்னர் நாம் என்ன செய்கிறோம்? நிலத்தைத் திருத்துகிறோம், கயிறு பிடித்து, இடைவெளி அளந்து, முளை அடிக்கிறோம், அதன் பின்னரே குழி தோண்டுகிறோம். முழ உயரக் கன்றுக்கு இத்தனை இடம் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. இன்றைய கன்று நாளை மரமாகிக் கிளை விரிக்கும் என்பதையும், பால் வெட்டுவோர் கத்தியும் வாளியுமாக அதனைச் சுற்றி வரவேண்டும் என்பதையும் நாம் அறிவோம். நிற்கப் போகும் மரத்தையும், அதனருகே நடக்கப் போகும் வேலையையும் எண்ணி இடம் விடுவதே தோட்டத்து அறிவு.

அந்த அறிவை வீட்டருகே கட்டும் பட்டறைக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பால்வெட்டு வேலை காலையிலேயே தொடங்கி நண்பகல் அளவில் முடிந்துவிடுகிறது. மழை நாள்களில் மரம் வெட்ட இயலாது. இலையுதிர் காலத்தில் பாலும் குறைகிறது. ஆகவே பிற்பகல் வேளையிலும் வேலையற்ற நாள்களிலும் ஒரு கைத்தொழில் செய்து வருவாயைப் பெருக்கும் குடும்பங்கள் பல உள்ளன. மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தல், புல்வெட்டும் இயந்திரங்களைச் செப்பனிடுதல், இரும்பு பற்றவைத்தல், தச்சு வேலை ஆகியவை அவற்றுள் சில. சொந்த மனையும் வீடும் வாங்கியவர்கள், வீட்டை ஒட்டாமல் தனியே ஒரு பட்டறை கட்டிக்கொள்ள விரும்புகின்றனர். விருப்பம் நன்று. ஆனால் அதனை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, எப்படி அமைப்பது?

ஒரு குடும்பத்தின் அனுபவம்

நாம் நேரில் சென்று கண்ட ஒரு குடும்பத்தின் அனுபவத்தை இங்கே கூறுவோம். தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மகன் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலை முறையாகக் கற்றவர். தோட்டத்தை விட்டு வெளியே சிறிய வீடு ஒன்றை வாங்கியபின், மீந்திருந்த சேமிப்பைக் கொண்டு வீட்டின் பின்புறத்தில் செங்கற் சுவரெழுப்பிப் பட்டறை ஒன்றைக் கட்டினர். அதன் அளவு பத்தடிக்குப் பத்தடி.

"ஏன் அந்த அளவைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று நாம் கேட்டோம்.

"வீட்டில் படுக்கையறை பத்துக்குப் பத்துதான், ஐயா. நான்கு பேர் தாராளமாகப் படுக்கிறோம். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அது போதாதா என்று நினைத்துவிட்டோம்" என்றார் தந்தை.

பட்டறை முடிந்தது. வேலை மேசையும் சாமான் அலமாரியும் உள்ளே வந்தன. பிறகு மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளினர். வண்டி நுழைந்தது, வண்டியைச் சுற்றி வர மனிதனுக்கு இடமில்லை. இடப்பக்கத்து வேலை முடிந்தால், வண்டியை வெளியே இழுத்துத் திருப்பி மீண்டும் உள்ளே கொண்டுவந்தாலன்றி வலப்பக்கத்தைத் தொட முடியவில்லை. நாளடைவில் மகன் முற்றத்திலேயே வேலை செய்யத் தொடங்கினார். பட்டறை சாமான் கிடங்காகியது. ஒருநாள் பிரித்துப் போட்ட எஞ்சினோடு வண்டி முற்றத்தில் நிற்க, பெருமழை பிடித்துக்கொண்டது. சொன்ன நாளில் வண்டியைத் தர இயலவில்லை. அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரவில்லை.

பின்னர் முன்சுவரை இடித்து, பட்டறையை நீட்டினர். கட்டிய சுவருக்கும் பணம். இடித்த சுவருக்கும் பணம். மீண்டும் எழுப்பிய சுவருக்கும் பணம். மூன்றும் ஒரே மனிதரின் உழைப்பில் சேர்ந்த பணம் என்பதை நினைக்கும்போது, திட்டமிடுதல் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

அவர்கள் செய்த பிழை யாது? அறையை அளந்தனர், வேலையை அளக்கவில்லை.

முதலில் நிலமும் அனுமதியும்

அளவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நிலம் யாருடையது?

தோட்டத்து வீட்டில் குடியிருப்போர், அந்த வீடும் அதனைச் சூழ்ந்த நிலமும் நிர்வாகத்துக்கு உரியவை என்பதை மறத்தல் ஆகாது. நிர்வாகத்தின் எழுத்துமூலமான இசைவின்றி அங்கே எதனையும் கட்டக்கூடாது. இசைவு கிடைத்தாலும், செங்கல்லும் சிமெண்டும் போட்டுச் சேமிப்பைப் புதைப்பது அறிவுடைமையன்று. ஆணி அடிக்காமல் திருகாணி முடுக்கிய மரச்சட்டங்களும் தகரமும் கொண்டு, பிரித்து எடுத்துச் செல்லத்தக்க கொட்டகை அமைப்பதே நன்று.

சொந்த மனையில் கட்டுவோர் ஊராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்புதல் ஆகாது. பின்புறத்தில் கட்டும் சிறு கட்டடந்தானே என்று எண்ணிவிடக் கூடாது. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், வரைபடம் யார் தயாரிக்க வேண்டும் என்பனவற்றை மன்ற அலுவலகத்திலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். நிலப் பட்டாவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். நிலம் விவசாயம், கட்டடம், தொழில்துறை ஆகிய எவ்வகையைச் சேர்ந்தது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். குடியிருப்பு மனையில் பிறர் வண்டிகளைக் கூலிக்குப் பழுதுபார்க்க இடமுண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நலம்.

பிறகு மனையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மலக்கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது? வடிகால் எங்கே ஓடுகிறது? மின்கம்பி எதன் மேலே செல்கிறது? இவற்றின் மீதோ இவற்றின் கீழோ பட்டறை அமைதல் கூடாது. தொட்டியின் மூடியை மறைத்துத் தளம் போட்டுவிட்டால், பின்னர் அதனைத் துப்புரவு செய்யத் தளத்தையே உடைக்க வேண்டி வரும்.

வேலையை அளப்பது எப்படி?

இனி அளவுக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் சிறிய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 6¼ அடி நீளமும், கைப்பிடியின் அகலத்தையும் சேர்த்து 2¼ அடி அகலமும் உடையது. இது வண்டியின் அளவு. வேலையின் அளவு இதனினும் பெரிது. பழுதுபார்ப்பவர் குந்தி அமர வேண்டும். கையில் உள்ள ஸ்பேனரைச் சுழற்ற வேண்டும். அருகே ஒரு தட்டில் திருகாணிகளை வைக்க வேண்டும். இதற்கு வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் 3 அடி இடம் தேவை.

அகலக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு சுவரை ஒட்டி வேலை மேசை 2 அடி. மேசைக்கும் வண்டிக்கும் இடையே 3 அடி. வண்டி 2¼ அடி. அதற்கு அப்பால் 3 அடி. எதிர்ச் சுவரில் சாமான் தட்டுகள் 1 அடி. எல்லாவற்றையும் கூட்டினால் 11¼ அடி ஆகிறது. அதனை 12 அடி என்று கொள்ளலாம்.

அடுத்து நீளக் கணக்கு. வண்டியின் பின்னே 3 அடி. வண்டி 6¼ அடி. முன்சக்கரத்தைக் கழற்றி எடுக்க முன்னே 2 அடி. ஆக 11¼ அடி. காற்றழுத்த இயந்திரம், சாணை இயந்திரம், பெரிய உதிரிப் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கடைக்கோடியில் 4 அடி வேண்டும். மொத்தம் 15¼ அடி. அதனை 16 அடி என்று கொள்ளலாம்.

எனவே ஒரே ஒரு வண்டியை வைத்து வேலை செய்வதற்கு, 12 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட பட்டறை தேவைப்படுகிறது. பத்துக்குப் பத்து ஏன் போதவில்லை என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை உள்ளளவுகள். செங்கற் சுவரும் அதன் இருபுறப் பூச்சும் சேர்ந்து இரண்டு பக்கமுமாக ஏறத்தாழ ஓர் அடியை எடுத்துக்கொள்ளும். கொத்தனாரிடம் "பன்னிரண்டுக்குப் பதினாறு" என்று மட்டும் சொன்னால், அவர் அதனை வெளியளவாகக் கொண்டுவிடக் கூடும். ஆகவே உள்ளளவு என்று தாளில் எழுதியே கொடுங்கள்.

தச்சுத் தொழில் செய்வோருக்கும் இதே முறைதான். ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி என்னும் அளவில் விற்கப்படுகிறது. அதனை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால், அறுவை இயந்திரத்துக்கு முன்னே 8 அடியும், அறுபட்ட பலகை வெளிவரப் பின்னே 8 அடியும் தேவை. இயந்திரம் சிறியதாயினும் பலகையின் நீளமே பட்டறையின் நீளத்தை முடிவு செய்கிறது. எந்தத் தொழிலாயினும், கையாளும் பொருள்களுள் மிகப் பெரியது எது, அது எப்படித் திரும்பும் என்பதைக் கண்டறிந்தால் அளவு தானே வெளிப்படும்.

பெரிதாகக் கட்டினால் என்ன?

இடம் போதாமையே பிழையென்றால், இருபதுக்கு இருபத்துநான்கு என்று கட்டிவிடலாமே எனச் சிலர் நினைக்கக் கூடும். தளக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

12க்கு 16 என்னும் தளத்தின் பரப்பு 192 சதுர அடி. 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டால் 64 கன அடி. சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு என்னும் கலவையில் இதற்கு 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 12 தேவைப்படும். 20க்கு 24 என்னும் தளத்தின் பரப்பு 480 சதுர அடி. அதே கனத்தில் 160 கன அடி. மூட்டைகள் ஏறத்தாழ 30. தளத்துக்கே இவ்வளவென்றால், கம்பி வலைக்கும் சுவருக்கும் கூரைக்கும் ஆகும் செலவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டடத்துக்கே பணம் தீர்ந்துவிட்டால் கருவிகள் வாங்க எதுவும் மிஞ்சாது. கருவியில்லாத பெரிய பட்டறை சோறு போடாது. விரலுக்கேற்ற வீக்கமே வேண்டும். இன்றைய வேலைக்குத் தேவையான அளவில் கட்டுங்கள். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் மட்டும் பிற்காலத்தில் நீட்டுவதற்கு வெற்றிடம் விட்டு வையுங்கள். அந்தப் பக்கத்தில் மரமோ கிணறோ கோழிக் கூண்டோ வந்து அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை கார் பழுதுபார்க்கும் எண்ணமிருந்தால் அதனையும் இப்போதே நினைவில் கொள்ள வேண்டும். மைவி கார் ஏறத்தாழ 13 அடி நீளமும், பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக 5¾ அடி அகலமும் உடையது. அதன் கதவுகளைத் திறந்து வைத்து நான்கு பக்கமும் நடமாட வேண்டுமானால், மேசைக்கும் தட்டுகளுக்கும் முன்னதாகவே 12 அடி அகலம் போய்விடும்.

கயிறும் முளையும் கோல மாவும்

தாளில் போட்ட கணக்கைத் தரையில் சோதித்துப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வாங்காதீர்கள். இச்சோதனைக்குச் செலவே இல்லை.

நாம் மேலே குறிப்பிட்ட குடும்பத்தினர் இரண்டாம் முறை இதனையே செய்தனர். மகன் நான்கு முளைகளை அடித்துக் கயிறு கட்டினார். தாயார் கோல மாவினால் மேசையும் தட்டுகளும் வாயிலும் வரும் இடங்களைத் தரையில் கோடிட்டுக் காட்டினார். மோட்டார் சைக்கிளை நடுவே நிறுத்தி, மகன் அதனைச் சுற்றிச் சுற்றி வந்தார், குந்தினார், எழுந்தார், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். கால் எங்கெங்கே கோட்டை மிதித்ததோ அங்கெல்லாம் கோட்டைத் தள்ளிப் போட்டனர். மூன்று நாள்களில் நான்கு முறை கோடு மாறியது. கோடு மாறுவதால் நட்டமில்லை. சுவர் மாறினால்தான் நட்டம்.

இச்சோதனையை ஒரு வார காலமேனும் செய்து பாருங்கள். மழை பெய்யும் நாள் ஒன்றும் அதில் அமைவது நல்லது. நீர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதை மழையே உங்களுக்குக் காட்டிவிடும். நான்கு மூலைகளும் சரியான கோணத்தில் உள்ளனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மறு கயிற்றில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். அவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக 5 அடியாக இருந்தால் மூலை சரியாக உள்ளது. பள்ளியில் கற்ற கணக்கு இங்கே பட்டறைக்கு உதவுகிறது.

உள்ளே எது எங்கே?

பட்டறையின் உள்ளமைப்பில் ஒரு விதியை நினைவிற் கொள்ளுங்கள். அழுக்கு, நெருப்பு, நுண்வேலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது.

வண்டியைக் கழுவுவதும் எண்ணெய் வடிப்பதும் வாயிலுக்கு அருகே நடக்கட்டும். சாணை பிடித்தலும் இரும்பு பற்றவைத்தலும் தீப்பொறி பறக்கும் வேலைகள். அவற்றுக்குக் கடைக்கோடியில் இடம் கொடுத்து, அங்கே மரத்தட்டோ துணியோ தாளோ இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து பெட்ரோல் இறக்கும் வேளையிலும், பெட்ரோல் திறந்திருக்கும் வேளையிலும் இவ்வேலைகளைச் செய்யவே கூடாது. கார்புரேட்டரைப் பிரித்துத் துடைப்பது போன்ற நுண்வேலைக்கு வேலை மேசை, சன்னலின் கீழே அமைய வேண்டும்.

மேசையின் உயரம், நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கைக்கு 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். பலருக்கு இது 34 முதல் 36 அங்குலமாக அமையும். கடையில் விற்கும் மேசையின் உயரத்துக்கு முதுகை வளைக்காதீர்கள். காலையெல்லாம் மரத்தடியில் குனிந்து நிமிர்ந்த முதுகு அது. நாள்தோறும் எடுக்கும் கருவிகள் கைக்கெட்டும் உயரத்தில் சுவர்ப் பலகையில் தொங்கட்டும். ஒவ்வொரு கருவிக்கும் பின்னே அதன் உருவத்தைச் சாயத்தால் வரைந்துவிட்டால், மாலையில் எது திரும்பவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும்.

வாயில் 6 அடி அகலத்தில் இரட்டைக் கதவுடன் வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். தரை வெளிநிலத்தைவிட 6 அங்குலம் உயர்ந்திருந்தால் மழைநீர் நுழையாது. ஆனால் வாயிலில் படி வைக்காமல், 5 அடி நீளத்தில் சாய்தளம் அமைத்தால் வண்டியைத் தனி ஒருவரே தள்ளிக்கொண்டு வரலாம். முன்புறத்தில் 7 அடி கூரையை நீட்டித் தாழ்வாரம் இறக்கினால், சாய்தளத்தின் இருமருங்கும் காத்திருக்கும் வண்டிகள் நனையாமல் நிற்கும்.

வெயிலும் மழையும் காற்றும்

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ளது. காலை வெயிலும் மாலை வெயிலும் கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடுகின்றன. ஆகையால் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கியும், குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்கியும் அமையுமாறு செய்தால் வெப்பம் குறையும். நாம் பிற்பகலில் வேலை செய்பவர்களாதலால், மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வேண்டா.

கூரையின் தாழ்ந்த பக்கம் 9 அடியும் உயர்ந்த பக்கம் 11 அடியும் இருக்கலாம். தகரக் கூரையின் அடியில் சேரும் சூடான காற்று வெளியேற, உயர்ந்த சுவரின் மேற்பகுதியில் துளைக்கற்கள் பதிக்க வேண்டும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி 3 அடியேனும் நீண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது. கிழக்குக் கரையோர மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான பருவமழையும், மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்திராக் காற்றும் கூரையைச் சோதிக்கும். தகரத்தை ஆணியால் அடிக்காமல், இரப்பர் வளையம் கொண்ட திருகாணியால் முடுக்குவது பாதுகாப்பானது.

தீயும் புகையும் மின்சாரமும்

வீட்டோடு ஒட்டாமல் பட்டறையைத் தனியே கட்ட வேண்டுமென்பதற்கு முதற் காரணம் தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவில் உள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே இயன்றவரை வீட்டிலிருந்து 10 அடி தள்ளி, சமையலறைக்கு எதிர்ப்பக்கத்தில் பட்டறை அமையட்டும். பட்டறையில் சாமி படம் வைப்பது நம் வழக்கம். படம் இருக்கட்டும், எண்ணெய் விளக்கும் ஊதுவத்தியும் சூடமும் அங்கே வேண்டா. அவற்றை வீட்டுப் பூசையிடத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

பேட்டரிக்கு மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுகிறது. இது காற்றைவிட இலேசானது, மேலே எழுவது. எனவே மின்னேற்றும் இடம் துளைக்கற்களுக்குக் கீழே அமைய வேண்டும். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டுதல் உயிருக்கே கேடு. மழையானாலும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது தாழ்வாரத்தில்தான் நடக்க வேண்டும்.

வீட்டுச் சன்னல் வழியாக நீட்டுக் கம்பி இழுத்து மின்சாரம் எடுப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அது ஆபத்தான பழக்கம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, பட்டறைக்கெனத் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்துங்கள். ஈரத் தரையில் நின்று கைத்துளை இயந்திரத்தைப் பிடித்திருப்பவரின் உயிரைக் காப்பது அக்கருவியே. மின்செருகிகள் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். வாயிலருகே உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளி ஒன்றும் வையுங்கள். எரியும் பெட்ரோல் மீது நீர் ஊற்றினால் தீ பரவுமேயன்றி அணையாது.

கழிவும் அண்டை வீடும்

பழைய எஞ்சின் எண்ணெயை வடிகாலில் ஊற்றுவதும் மண்ணில் கொட்டுவதும் சட்டப்படி குற்றமாகும். 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகளின் கீழ் அது அட்டவணையிடப்பட்ட கழிவுகளுள் ஒன்று. வாயிலுக்கு வெளியே, கூரையின் கீழ், சுற்றிலும் 4 அங்குல வரம்பு கட்டிய சிறு தளத்தில் மூடியிட்ட பீப்பாயை வைத்து, உரிமம் பெற்றோரிடம் ஒப்படையுங்கள். இந்தத் தளத்துக்கும் திட்டத்திலேயே இடம் ஒதுக்குவது அவசியம். பின்னர் தேடினால் வடிகாலோரந்தான் கிடைக்கும். காற்றழுத்த இயந்திரத்தின் இரைச்சல் அண்டை வீட்டுப் படுக்கையறைப் பக்கம் செல்லாதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் மனக்குறை மன்றத்துக்குப் புகாராகச் சென்றால் தொழிலே தடைப்படக் கூடும்.

தொழிலாக நடத்துவோர்

பிறர் வண்டியைக் கூலிக்குப் பழுதுபார்க்கத் தொடங்கியபின் அது தொழிலாகிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிய 60 ரிங்கிட் கட்டணம். பதிவு பெற்ற தொழிலுக்கே கடனுதவி கேட்க வழியுண்டு. இந்தியச் சமூகத்தினரின் சிறு தொழில்களுக்கென டெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி கடன் திட்டத்தைப் பற்றியும் விசாரித்தறியலாம். கடன் வாங்குமுன் கணக்கைக் கையில் வைத்திருங்கள். அளவும் மூட்டையும் எழுதிய ஒரு தாள், நூறு வாய்ச்சொல்லைவிட மேலானது.

முடிவாக

கட்டத் தொடங்குமுன் ஐந்து வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுப் பாருங்கள். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அனுமதி உண்டா? செய்யப் போகும் வேலை எது, அதில் பெரிய பொருள் எது? அதனைச் சுற்றி நடக்க இடமுண்டா? நெருப்பும் புகையும் கழிவும் எங்கே செல்லும்? கட்டிய பிறகு கருவி வாங்கப் பணம் மிஞ்சுமா? ஐந்துக்கும் விடை கிடைத்தால் கொத்தனாரை அழைக்கலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், கயிறும் முளையும் இன்னும் சில நாள் தரையிலேயே இருக்கட்டும்.

அக்குடும்பத்தின் பட்டறையை நாம் மீண்டும் காணச் சென்ற நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் இரண்டு வண்டிகள் நனையாமல் காத்திருந்தன. உள்ளே மகன் ஒரு வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தந்தை எதிர்ப்பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, திருகாணிகளைத் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த முக்காலி போடுவதற்கு இப்போது அங்கே இடம் இருந்தது.